எந்த ஊர்க்காரன் என்று தெரியாத ராஜா

கோச்சடையில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டுத் திரும்பிய இரண்டு நண்பர்கள், பஸ்ஸில் என் முன்சீட்டில் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“மாப்ள, அந்த ராசா எந்த ஊர்க்காரன்னே தெரியலையாம்.”

“எந்த ராசா?”

“ஐரோப்பாவுல ஸ்லாவ் சனங்கள ஆயிரம் வருசத்துக்கும் முந்தி ஆண்டவன். வெளியூர் யாவாரிங்கிறாங்க, இல்ல அவுக ஆளுதாங்கிறாங்க. சண்டையில கூட நின்னான்னு தலைவனாக்கிட்டாங்க.”

“எந்தப் பக்கம்னு கேக்காமலா?”

“கேட்டிருந்தா எழுதி வச்சிருப்பாங்கள்ல.”

“அம்புட்டுப் பெரிய மனசு. இன்னைக்கு நாலு வீட்டுலயும் நம்மகிட்ட மொதல்ல அதத்தான கேட்டாக.”

அவர்களுக்குப் பக்கத்துச் சீட்டுக்காரர் அவ்வளவையும் கேட்டுத் தலையாட்டினார்.

“அருமையான சனம் தம்பி. மனுசன்னா அப்படி இருக்கணும்.”

பிறகு அவர்கள் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கேட்டார்.

“ஆமா, நீங்க எந்தப் பக்கம்?”