ஒரு பக்கச் சுருக்கம்

தேநீர் நன்றாக இருக்கிறது. சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி கூடுதல்.

மரண தண்டனையை ஒழிக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். கருணை மனுப் பிரிவில் இருபத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் என்பதால் கூப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் குழுவின் வரைவு அறிக்கையைப் படித்தேன். 'ஒவ்வொரு மனுவையும் பதினொரு அதிகாரிகள் பரிசீலிக்கிறார்கள்' என்று ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. சிரிப்பு வந்தது. கோப்பு முந்நூறு பக்கம். அதன் மேல் நான் ஒரு பக்கச் சுருக்கம் வைத்துக் கட்டுவேன். பதினொரு பேரும் படித்தது அந்த ஒரு பக்கத்தைத்தான். முதல் கையெழுத்தை நம்பி இரண்டாவது விழும். கடைசி அதிகாரி பேனாவைத் தேடும் நேரம்தான் பரிசீலனை.

ஒரு பெயின்டரின் வழக்கைச் சொல்கிறேன். மருந்துக்கடையில் திருடப் போய், கடையில் இருந்த இளைஞனைக் குத்திக் கொன்றவன். அவனுக்காக அலுவலக வாசலில் மெழுகுவத்தியோடு ஒரு கூட்டம் நின்றது. தூறல் விழுந்ததும் கலைந்துபோகிற இரக்கம் அது. அதை நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒரு அம்மா என் மேசைக்கே வந்தார். செத்தவனின் தாய்.

"தம்பி, இந்தக் கடுதாசியையும் அந்தப் பையனோட மனுவுல சேத்துடுங்க. அவனைத் தூக்குல போட வேணாம்னு எழுதியிருக்கேன்."

நாற்காலி போட்டேன். தண்ணீர் கொடுத்தேன். நான் மரியாதை தெரியாதவன் இல்லை.

"உங்க மகனைக் கொன்னவன்மா அவன்."

"தெரியாமயா வந்திருக்கேன்? நறுக்குனு நாலு கேள்வி கேக்கணும்னுதான் மொதல்ல ஜெயிலுக்குப் போனேன். குளிர்ல வெடவெடன்னு நடுங்கிட்டு உக்காந்திருந்தான். அடுத்த தடவை என் மகனோட ஸ்வெட்டரை எடுத்துட்டுப் போனேன். அவ்வளவுதான் தம்பி. மூணு வருஷமா மாசாமாசம் போய்ப் பாக்கறேன்."

அவர் போனதும் பியூன் கேட்டான்: "என்ன சார், அந்தம்மாவுக்கு மறை கழண்டுடுச்சா?"

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதைவிட மோசமாகத் தோன்றியது. ஒரு ஸ்வெட்டரோடு முடிந்துவிடுகிற துக்கம் என்ன துக்கம்? நீதிபதிகள் வருடக்கணக்கில் உட்கார்ந்து முடிவு செய்ததை, மனம் இளகிய ஒரு பெண் வந்து அவிழ்த்துவிட்டுப் போவதா?

இறந்தவரின் தாய் மன்னித்துவிட்டால் தண்டனையைக் குறைப்பது எங்கள் பிரிவின் வழக்கம். சுருக்கத்தில் இரண்டு வரி போதும், அவன் பிழைத்திருப்பான். அது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை. கடிதத்தை இழுப்பறையில் வைத்தேன். 'இறந்தவரின் குடும்பத்திடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை' என்று எழுதினேன். பதினொரு கையெழுத்தும் நான்கே நாளில் விழுந்தன. அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை அவனைத் தூக்கிலிட்டார்கள்.

இதோ, அந்தக் கடிதம். நான் எதையும் தொலைப்பவன் இல்லை.

அவனைப் புதைத்த மறுவாரம் அந்த அம்மா திரும்ப வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். ஜெயிலில் திருப்பிக் கொடுத்த ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க சேத்துட்டீங்க, மேல இருக்கறவங்கதான் கேக்கல. இதை மனசுல போட்டு வருத்திக்காதீங்க தம்பி. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

என் கையைத் தட்டிக்கொடுத்தார். வயதானவர்களைத் திருத்துவது என் வேலையில்லை.

தண்டனையை ஒழிப்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் பாடு. என்னைப் பற்றி என்ன எழுதப்போகிறீர்கள் என்பது உங்கள் முகத்திலேயே தெரிகிறது. எழுதுங்கள். ஆனால் என் மேல் ஒரு தப்பும் இல்லை என்று அந்த அம்மா சொன்னாரே, அதை உங்கள் சுருக்கத்தில் விட்டுவிடாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் வார்த்தை. அதற்கு ஒரு மதிப்பு வேண்டாமா?