மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த பதில்கள்

பயிற்சி மைதானத்துக்கு எப்போதும் முதல் ஆளாகப் போய்விடுவேன் ஐயா. புல்லைப் பார்க்க வருகிறேன் என்று ஆட்டக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். யார் யாரோடு ஒரே வண்டியில் வந்து இறங்குகிறார்கள் என்று பார்க்கத்தான் போவேன்.

கால்பந்து ஆடிய காலத்தில் எனக்குக் கோடாலி என்று பெயர். தடுப்பாட்டக்காரன். ஒருவனுடைய காலை முறித்துவிட்டு, பந்தைத்தான் எடுத்தேன் என்று பேட்டி கொடுத்தவன். பாதிப் பேர் நம்பினார்கள், மீதிப் பேர் காறித் துப்பினார்கள். பயிற்சியாளரான பிறகு, கோடாலி திருந்திவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. திருந்தவெல்லாம் இல்லை. கோட்டுக்கு வெளியே நிற்பவனுக்குச் சிவப்பு அட்டை அவ்வளவு சுலபத்தில் வராது, அவ்வளவுதான்.

எங்கள் அணியின் கேப்டன் என் தங்கை கணவன். நான்தான் பார்த்துக் கட்டிவைத்தேன். தலையால் முட்டிக் கோல் போடுவதில் கெட்டிக்காரன். மைதான இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், என் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்ள அவனைப் பழக்கியிருந்தேன். நான் உதட்டை அசைத்தால் போதும், அந்தக் கோடியில் அவன் இடம் மாறி நிற்பான். ஏதாவது குழப்பம் என்றால் முதலில் என் முகத்தைத்தான் தேடுவான்.

இந்தப் பருவத்தில் வரிசையாகத் தோற்றோம். கிளப் முதலாளி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார், அவனோடு பேசுவதைக் கூட்டிக்கொண்டார். ஒருநாள் உடைமாற்றும் அறைக் கதவைத் திறந்தேன். உள்ளே இருந்த முதலாளியும் அவனும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

“என்ன மாப்ள, என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல மச்சான், சும்மாதான்.”

இந்த வேலை அவன் கைக்குப் போனால் நான் மறுபடி வெறும் கோடாலி. அதை நினைத்தாலே பயமாக இருந்தது. அந்த வாரம் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனால், அவள் பரிமாறிக்கொண்டே, “ரொம்ப இளைச்சுட்டீங்கண்ணா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன்” என்றாள். ஆக, அவளுக்கும் தெரிந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தில், இடைவேளைக்குப் பிறகு அவன் தலை கோல் கம்பத்தில் மோதியது. கைத்தாங்கலாகக் கோட்டோரம் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். தலையில் அடிபட்டவனுக்கு நினைவு தடுமாறுகிறதா என்று பார்க்க வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை அணியின் டாக்டரம்மா கேட்டார்.

“இது முதல் பாதியா, ரெண்டாவதா? போன வாரம் யாரோட ஆடினீங்க?”

அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு என் முகத்தைத் தேடினான். நான் டாக்டரம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயசைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சரியான பதில் சொன்னான். ஆடலாம் என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எழுந்தவன் என் காதோரம் கேட்டான்: “மச்சான், நாம எந்தப் பக்கம் கோல் போடணும்?”

தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். தட்டிக்கொடுக்கிறேன் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

அடுத்த கார்னர் கிக்கில் எல்லோருக்கும் மேலே எழும்பி, அடிபட்ட தலையாலேயே முட்டினான். நல்ல கோல் ஐயா. பந்து வலைக்குள் போனது, கீழே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரைகூடத் தாங்கவில்லை.

முதலாளி இப்போது வேறு கதை சொல்கிறார். என் வேலையை அவனுக்குக் கொடுக்க வந்தாராம், மச்சான் இருக்கும்வரை அந்தப் பேச்சே வேண்டாம் என்று அவன் மறுத்துவிட்டானாம். இருக்கலாம். நானும் இந்த வேலையை மறுத்து மறுத்துத்தான் வாங்கினேன்.

ஜெயிக்கிற வெறியில் புத்தி தடுமாறிவிட்டது என்று சொன்னால் தண்டனை குறையும் என்கிறார் என் வக்கீல். நீங்கள்தான் ஆட்டத்தை வீடியோவில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களே. அவனை உள்ளே அனுப்பும்போதே நாங்கள் மூன்று கோல் முன்னால் இருந்தோம். அவன் திரும்பி வரக் கூடாது என்றுதான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள் ஐயா. வீட்டில் தங்கை தனியாக அழுதுகொண்டிருப்பாள். அவளுக்கு இனி என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?