மன்னாரில் காட்டிய செவ்வாய்

ஜெஸீமா: விக்கப் போறீங்களா? டெலஸ்கோப்பயா, டீச்சர்?

சிவானி: ஓம். இந்த வெள்ளவத்தை பிளாட்டில அதை வைக்க எங்க இடம்?

ஜெஸீமா: ஒம்பது வருஷமா இருந்த இடம் இப்ப எங்க போன? நுவரெலியா, மன்னார் எண்டு இருட்டு வானம் தேடி எத்தன பயணம் போயிருப்பம்! வெள்ளிக்கிழம கல்பிட்டிக்கு வேனும் பேசிட்டன்...

சிவானி: நீர் போய் வாரும். எனக்கு முழங்கால் ஏலாது.

ஜெஸீமா: முழங்காலால வானம் பாக்கிற இல்லயே.

சிவானி: பகிடி விடாதேயும்.

ஜெஸீமா: மன்னார்ல இருந்து வந்த நாள் தொட்டு நீங்க சரியில்ல. என்ன நடந்த? செல்லுங்க.

சிவானி: ...கண் டொக்டரிட்டப் போனனான். இருட்டில பார்வை குறைஞ்சுகொண்டு போகுதாம்.

ஜெஸீமா: எப்ப இருந்து?

சிவானி: ரெண்டு வருஷமா. உமக்கும் சொல்லேல்ல. பழக்கத்தில கை டெலஸ்கோப்பைத் திருப்பும், நானும் தெரியுற மாதிரிக் கதைப்பன்.

ஜெஸீமா: கண் மங்குறதுக்கெல்லாம் வெக்கப்படுறதா?

சிவானி: அதுக்கில்லை. மன்னாரில அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குச் செவ்வாய் காட்டினனே...

ஜெஸீமா: ம்.

சிவானி: சிவப்பா ஒண்டு தெரிஞ்சுது. அதுதான் எண்டு நினைச்சுத் திருப்பி வச்சனான். கிரகம் எண்டால் ரெண்டு மூண்டு நிமிசத்தில கண்ணாடியை விட்டு நகர்ந்திடும், பூமி சுத்துதெல்லே. இது அசையவே இல்லை. பத்தாவது பிள்ளை பாக்கேக்கயே எனக்கு விளங்கிட்டுது.

ஜெஸீமா: டீச்சர், விடுங்க...

சிவானி: இல்லை, கேளும். அது போன் டவர் லைட்! தெரிஞ்சும் நான் நிப்பாட்டேல்ல. மிச்சம் முப்பது பேருக்கும், "செவ்வாய், வடிவாப் பாருங்கோ" எண்டு... ஐயோ. பிழை எண்டு சொல்ல வாய் வரேல்ல. அதுகள் என்னை அப்பிடியே நம்பிச்சுதுகள், ஜெஸீமா.

ஜெஸீமா: ...நம்பல்ல.

சிவானி: என்ன?

ஜெஸீமா: மொதல்ல பாத்த புள்ள நேரா எனக்கிட்ட வந்து, "ஆன்ட்டி, கம்பியெல்லாம் தெரியுது, அது டவர்" எண்டு செல்லிச்சு. உங்கட கண் மங்குறது எனக்கு எப்பவோ தெரியும். "டீச்சர்ட மனசு நோகும், செல்லாதீங்க" எண்டன். அந்தப் புள்ள வரிசைல போய் ஒவ்வொருத்தர்ட காதுலயும் அதயே செல்லிச்சு. நாப்பது பேரும் தெரிஞ்சுதான், "வடிவா இருக்கு டீச்சர்" எண்டு உங்களுக்குச் செல்லிட்டுப் போனாங்க.