லிட்டருக்குப் பத்தொன்பதரை

கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது மைலேஜைத்தான். நீங்களும் அதைத்தான் கேட்டீர்கள், ஹனீப் பாய். "இன்னா சார், லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?" என்றீர்கள். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்காக விற்கிறீர்கள் என்றும் கேட்டீர்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். கொஞ்சம் உட்காருங்கள். இன்று அமாவாசை, வீட்டில் எல்லோரும் கோவிலுக்குப் போயிருக்கிறார்கள். காபி கொடுக்க ஆளில்லை, மன்னிக்க வேண்டும். நீங்கள் பழவேற்காட்டுக்காரர், எங்கள் மனுஷர்கள் யாரையும் உங்களுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொல்கிறேன்.

என்னைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். நாலு பேர் வந்தால் வயிறு நிறையச் சாப்பாடு போட்டு அனுப்புகிற வீடு இது. மைலேஜ் விஷயம் காசு சம்பந்தப்பட்டதே இல்லை. ஆக்ஸிலேட்டரில் ஒருவன் காலை வைக்கிற விதத்திலேயே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். நான் சின்ன வயதிலிருந்தே நிதானக்காரன். டாப் கியரில் ஒரே சீராகப் போவேன், ஏசி போட மாட்டேன், சிக்னலில் எஞ்சினை அணைத்துவிடுவேன். ஸ்டெப்னியைக்கூடக் கழற்றி வீட்டில் வைத்திருந்தேன், எடை குறையட்டும் என்று. என் மைத்துனி ஸுப்ரஜா கேலி செய்வாள். "அத்திம்பேர் கார்ல ஏறணும்னா செருப்பை ஆத்துலயே விட்டுட்டு வரணும். வெயிட்டாம்!" அப்படிச் சிரிக்கிற பெண் அவள். என் மனைவி செங்கமலவல்லிக்கு ஒரே தங்கை.

காக்களூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்த ஜோசப்பிடமும் இதே கார் இருந்தது, இதே வருஷத்து வண்டி. ஒரு நாள் கேண்டீனில், அத்தனை பேர் எதிரில், "பதினாறு குடுத்தாலே பெரிய விசயம். நீ இன்னா சார், இருபது இருபதுன்னு டூப் உட்டுக்கினு கீற" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பொய்யன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை, பாய்.

அதனால் நிரூபித்துக் காட்டுவதென்று முடிவானது. முறை உங்களுக்கும் தெரிந்திருக்கும். டேங்கில் கழுத்து வரை பெட்ரோல் போட வேண்டும். ட்ரிப் மீட்டரைச் சைபரில் வைத்து ஓட்ட வேண்டும். பிறகு அதே பங்க்கில் அதே ஆள் கையால் மறுபடியும் கழுத்து வரை போட்டு, எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஜோசப் பக்கத்தில் நிற்க, பங்க்கில் முனுசாமி விளிம்பு தளும்பப் போட்டான். எளாவூர் செக்போஸ்ட் வரை போய்த் திரும்புவதாகத் திட்டம். நாஷ்டா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

ஸுப்ரஜா தலைப்பிரசவத்துக்கு எங்கள் தெருவிலேயே இருக்கிற அவள் பிறந்தகத்துக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். அன்று காலை அவளுக்கு ரத்தம் போக ஆரம்பித்துவிட்டது. உள்ளூர் டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். எங்கள் தெருவில் அப்போது கார் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அவள் புருஷன் வைகுந்த் கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்டில் இருந்தான். நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிப் போன் செய்தோம். பின் சீட்டில் என் மனைவி வல்லி உட்கார, அவள் மடியில் தலை வைத்து ஸுப்ரஜா படுத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். வேகமாகத்தான் போனேன். காக்களூர் தாண்டும்போதுதான் கண் ட்ரிப் மீட்டரில் விழுந்தது. முனுசாமி நிரப்பிய பெட்ரோல், ஜோசப் பார்த்து வைத்த சைபர். இப்படி மிதித்தால் பதினாறுகூட வராது, நாளைக்குக் கேண்டீனில் என்ன பேசுவார்கள் என்று தோன்றியது. என் கால் தானாகத் தளர்ந்தது. தானாக என்று சொல்வது சரியில்லை. தளர்த்தினேன்.

"கொஞ்சம் வேகமாப் போங்கோளேன்னா" என்றாள் வல்லி.

"குலுங்கினா ஆபத்து. பிள்ளைத்தாச்சி இல்லையா?" என்றேன்.

அது நியாயமாகத்தான் பட்டது, சொன்ன எனக்கும்கூட. ஸுப்ரஜா கண்ணைத் திறக்காமலே, "அத்திம்பேர் சொல்றது சரிதான் அக்கா. குலுங்காம இருந்தா வலி தாங்கறது" என்றாள். சித்திரை வெயில். ஏசி போடவில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்று வண்டியைப் பிடித்து இழுக்கும் என்று அதையும் பாதிதான் இறக்கியிருந்தேன். வல்லி புடவைத் தலைப்பால் தங்கைக்கு விசிறிக்கொண்டே வந்தாள். பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. ஒரு சைக்கிள்காரன் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் கூடவே வந்தான்.

வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. எஞ்சினை அணைத்தேன். கேட் திறந்ததும் எல்லா வண்டியும் முண்டியடித்தன. அதில் நுழைந்தால் நின்று நின்று போக வேண்டும், அதைப்போல எண்ணெய் குடிப்பது வேறில்லை. எல்லாம் போகட்டும் என்று ஓரமாகக் காத்திருந்தேன். "ஏன் நிக்கறேள்?" என்று வல்லி கேட்டாள். "வழி விடமாட்டேங்கறான்" என்றேன். ரோடு முழுக்கக் காலியாக இருந்தது. அவள் தலை குனிந்து தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வைகுந்த் நின்றுகொண்டிருந்தான். எங்களுக்குப் பிறகு கிளம்பியவன், யாரிடமோ பைக் வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்திருந்தான். "வழியெல்லாம் டிராஃபிக்காண்ணா?" என்றான். தலையாட்டினேன்.

ஸுப்ரஜாவைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். குழந்தை இல்லை. பெண் குழந்தை, தலை நிறைய முடி. டாக்டர் வெளியே வந்தபோது வராந்தாவில் நான் ஒருவன்தான் இருந்தேன். "அரை மணி முன்னாடி வந்திருந்தா குழந்தையும் கெடைச்சிருக்கும் சார். எங்கேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டார். திருவள்ளூர் என்றேன். அதற்கு இவ்வளவு நேரமா என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வல்லியும் வைகுந்தும் ஓடி வந்து டாக்டர் என்ன சொன்னார் என்றார்கள். குழந்தைக்கு விதி முன்பே முடிந்துவிட்டது, குலுக்கல் இல்லாமல் கூட்டி வந்ததால்தான் தாயாவது பிழைத்தாள் என்று சொன்னார் என்றேன். வைகுந்த் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதான். கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வைகுந்த் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். "மெதுவாவே போங்கோண்ணா" என்றான். மெதுவாகத்தான் போனேன். எனக்கும் அதுதானே வேண்டியிருந்தது. அவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். ஆக வேண்டியதைப் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள். பூ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் பங்க்குக்குப் போனேன்.

"இன்னா சார், கழுத்து வரிக்குமா?" என்றான் முனுசாமி. ஆமாம் என்றேன். குனிந்து நின்று, விளிம்பு தளும்புகிறதா என்று நானே பார்த்தேன். பூ வாங்கிக்கொண்டு போவதற்குள் குழந்தையை எடுத்துப் போய்விட்டிருந்தார்கள்.

இதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, பாய். ராத்திரி சாதத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன், வாய்க்குப் போகாது. அதைவிடப் பெரிய தண்டனை ஸுப்ரஜாதான். ஐந்து வருஷமாக எந்தக் கல்யாணம், எந்தச் சீமந்தம் என்றாலும் அவள் நாலு பேரிடம் சொல்கிறாள், "அத்திம்பேர் அன்னிக்கு என்னைப் பூ மாதிரி கூட்டிண்டு போனார், அதனாலதான் நான் உக்காந்து பேசிண்டிருக்கேன்" என்று. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எழுந்து இலை போடப் போய்விடுவேன்.

இப்போது அவள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். எத்தனையோ வேண்டுதல், எத்தனையோ மருந்துக்குப் பிறகு. போன வாரம் போன் செய்து, "இந்தத் தடவையும் அத்திம்பேர் கார்லதான்" என்றாள். அதனால்தான் விற்கிறேன். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. சொல்லத்தான் போகிறேன். ஆனால் பிள்ளைத்தாச்சி, இந்த நேரத்தில் அவளுக்கு ஒரு அதிர்ச்சியும் ஆகாது பாருங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்றைக்குக் கொடுத்தது லிட்டருக்குப் பத்தொன்பதரை. அந்தக் கேட் மட்டும் போடாமல் இருந்திருந்தால் இருபதைத் தொட்டிருக்கும். மறுநாள் ஜோசப்பிடமும் பத்தொன்பதரை என்றுதான் சொன்னேன், உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன். இருபது என்று கூட்டிச் சொன்னால் உங்களுக்குத் தெரியவா போகிறது? ஆனால் பொய் சொல்லி வண்டி விற்க எனக்கு மனசு வராது, பாய்.