பயிற்சி நோயாளி

அன்புள்ள ஃபாதர்,

போன மாதம் நீங்கள் கொண்டுவந்த இஞ்சி பிஸ்கட் மிகவும் நன்றாக இருந்தது. ஷெரோமி அதைத் தேநீரில் நனைத்து எனக்கு ஊட்டினாள். நனைக்காமல் கடித்துத் தின்னத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால் என் நிலைமையில் இருப்பவன் மொறுமொறுவென்று கடித்தால் நன்றாக இருக்காது.

இன்று மாதத்தின் முதல் வெள்ளி. நற்கருணையோடு வருவீர்கள், அதற்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்பீர்கள். இந்த வீட்டுச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. முன்னறையில் இருமினால் சமையலறையில் கேட்கும். அதனால் எழுதித் தருகிறேன். எழுதிக் கொடுத்தாலும் அது பாவசங்கீர்த்தனம்தான், நீங்கள் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பதைப் போன மாதமே பேச்சோடு பேச்சாக உங்களிடம் கேட்டுவைத்துக்கொண்டேன். பேச முடியாத யாருக்காகவோ கேட்கிறேன் என்று நினைத்தீர்கள். என் நல்ல மனதைப் பாராட்டவும் செய்தீர்கள்.

முப்பத்தாறு வருடம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தவன் நான். ஓய்வு பெற்று மாத்தளை டவுனுக்கு வந்தேன். மனைவி போய்ச் சேர்ந்தாள். மகன் ஜெராட் இஸ்ரேலுக்குப் போய் அங்கே ஒரு கிழவரைப் பராமரிக்கிறான். வாரம் ஒருமுறை வீடியோவில் வருவான். "பப்பா, இவருக்கு இப்பத்தான் சூப் குடுத்தேன், அப்புறம் எடுக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிடுவான். நான் என் முட்டையை நானே அவித்துக்கொள்வேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன்.

என் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் கெத்தரின் மிஸ் ஒரு வகுப்பு நடத்துகிறார். வெளிநாட்டில் வயோதிபரைப் பராமரிக்கப் போகிறவர்களுக்கான பயிற்சி. அங்கே ஒரு பிளாஸ்டிக் பொம்மை இருந்தது. பொம்மைக்கு வலிக்காது, வெட்கப்படாது, சோறு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பாது. ஒருநாள் மிஸ் வந்து, "அங்கிள், ஒரு மணித்தியாலம் வந்து நோயாளியா படுத்திருக்கிறீங்களா? பிள்ளைங்க பழகிக்கட்டும்" என்றார். ஒரு தேநீரும் மீன் வைத்த ஒரு மாலு பானும் தருவதாகச் சொன்னார். போனேன்.

என் தலையை வாரினார்கள். காலைக் கழுவி விரலுக்கு விரல் துடைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டுமாம்; அரை மணித்தியாலத்திலேயே மூன்று தரம் திருப்பினார்கள். நான் வாயைக் கோணினேன், கையை விறைத்துக்கொண்டேன், சோற்றைத் துப்பினேன். கெத்தரின் மிஸ், "அங்கிளுக்கு இது பிறவியிலேயே வந்திருக்கு" என்றார். என்னிடம் பழகிய நாற்பது பேர் வெளிநாடு போயிருக்கிறார்கள், ஃபாதர். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகுதான் ஷெரோமி வந்தாள். நான் வேலை பார்த்த அதே தோட்டத்து அருள்மணியின் மகள். என்னைப் பார்த்ததும், "கிளாக்கர் ஐயாவா!" என்று பின்னுக்குப் போனாள். அவள் தகப்பன் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததே கிடையாது. வெளிநாடு போய் உழைத்து, தகப்பனைத் தோட்டத்து லயத்தின் ஒற்றைக் காம்பராவிலிருந்து எடுத்துத் தனி வீட்டில் வைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. தண்ணீர்ச் சூட்டைத் தன் முழங்கையில் பார்த்துவிட்டுத்தான் என் முதுகில் ஊற்றினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயாவுக்கு எந்தப் பக்கம் படுத்தா தூக்கம் வரும்?"

எழுபது வயது வரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. என் மனைவி கூடக் கேட்டதில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. அது வந்த கையோடு பயமும் வந்தது. இந்தப் பிள்ளை இன்னும் ஆறு வாரத்தில் பரீட்சை பாஸ் பண்ணிவிடுவாள், பிறகு அந்தக் கேள்வியைச் சைப்ரஸில் யாரோ ஒரு கிழவியிடம் கேட்பாள்.

பரீட்சையிலும் நான்தான் நோயாளி. கட்டிலிலிருந்து நோயாளியைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைக்க வேண்டும். இடுப்பில் பட்டி கட்டி, என் கால்களுக்கு நடுவே ஒரு காலை ஊன்றி, "ஒன்னு, ரெண்டு, மூணு" என்பார்கள். மூணு என்றதும் நோயாளியும் தன் பங்குக்குக் கொஞ்சம் எழும்ப வேண்டும். ஷெரோமி மூணு என்றாள். நான் இரண்டு முழங்காலையும் மடித்துக்கொண்டேன்.

நோயாளி விழுந்தால் பிடித்து இழுக்கக் கூடாது, அவரோடு சேர்ந்து தானும் கீழே போய்த் தன் உடம்பில் தாங்க வேண்டும் என்பது பாடம். அவள் அதைத்தான் செய்தாள். அவள் முழங்கை சிராய்ந்தது, எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனால் பரீட்சை நடத்த வந்த அம்மையார், "நோயாளி விழுந்தார்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை என்றார்கள். எனக்கு நிற்க முடியவில்லை என்றேன். எக்ஸ்ரேயில் வலி தெரியாது, ஃபாதர். சிலர் ஒருமுறை விழுந்தால் பயத்தில் நடக்கமாட்டார்கள் என்று டாக்டரே எனக்கு ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

அடுத்த நாளே ஷெரோமி ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "என் கையால விழுந்தீங்க ஐயா, நான்தான் பாக்கணும்" என்றாள். சம்பளம் வேண்டாம் என்றும் அவளே சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை, அவள் மனம் புண்படும். ஆறு மாதத்தில் மறுபரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். "போ பிள்ளை, நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்" என்று தாராளமாகச் சொன்னேன். சொல்லும்போதே கையிலிருந்த கோப்பை கீழே விழுந்து உடைந்தது. அவள் போகவில்லை.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் பூசைக்கு வரும்போது உங்கள் பிரசங்கம் நீளமாக இருந்தால் எனக்கு உபகாரம். வீட்டைச் சுற்றி இரண்டு நடை நடப்பேன். ஒருநாள் பட்டர்ஃபுரூட் மரத்தில் குரங்குகள். விளக்குமாற்றோடு பின்வாசல் வரை துரத்தினேன். பக்கத்து வீட்டு ஜுனைதீன் நானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்ப்பதற்குள் நாற்காலியில் வந்து விழுந்துவிட்டேன். ஷெரோமி திரும்பி வந்து, "பின்கதவ யாரு ஐயா தொறந்தது?" என்று கேட்டாள்.

"காத்து" என்றேன்.

"கொண்டி போட்டிருந்தேனே."

"பலமான காத்து."

இவ்வளவும் பழைய கதை. இனி நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கெத்தரின் மிஸ் அவளை விடவில்லை. இரண்டு வருடமாக எழும்ப முடியாத ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறாள், இதைவிடப் பெரிய அனுபவம் என்ன இருக்கிறது என்று சைப்ரஸுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பாருங்கள், என்னாலேயே அவளுக்கு வேலை கிடைக்கப் பார்த்தது. அங்கே ஒரு பெண் தன் தாயைப் பார்க்க ஆள் தேடுகிறாளாம், வீடியோவில் ஷெரோமியின் வேலையைப் பார்க்க வேண்டுமாம். கார்த்திகையில் ஷெரோமிக்கு முப்பத்தைந்து. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடமாட்டார்கள், இதுதான் கடைசி என்று மிஸ் என் காதுபடவே அவளிடம் சொன்னார்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு டெப்லட்டை அலுமாரி மேல் நிறுத்தினார்கள். நான் விழவில்லை, ஃபாதர். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூணு என்றதும் என் பங்குக்கு அழகாக எழும்பினேன். பூனைக்குட்டியைத் தூக்கி வைப்பதுபோல் அவள் என்னை நாற்காலியில் வைத்தாள். திரையில் இருந்த பெண் கைதட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டாள்.

கெத்தரின் மிஸ் மொழிபெயர்த்தால் சில வசனங்கள் வழியில் காணாமல் போகும். அதனால் நான் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். துரைமாருக்குக் கடிதம் எழுதிப் பழகிய ஆங்கிலம், பிழை இருக்காது.

"இவள் தங்கமான பிள்ளை. இவள் என்னைக் கீழே போட்டதால்தான் நான் இப்படி ஆனேன். ஆனால் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்."

அந்தப் பெண் நன்றி சொன்னாள். பிறகு அறிவிப்பதாகச் சொன்னாள். பகல் சாப்பாட்டுக்கு முன்பே வேண்டாம் என்று செய்தி வந்துவிட்டது.

ஷெரோமி சமையலறையில் அழுதாள். நான் முன்னறையில் அழுதேன். என் அழுகை பொய்யில்லை, எனக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது. பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு தேநீர் கொண்டுவந்தாள். "நீங்க உள்ளதைத்தானே சொன்னீங்க. மன்னிச்சேன்னு இத்தன நாள் ஒரு வார்த்த சொல்லலையே ஐயா. இப்பதான் மனசு லேசா இருக்கு" என்றாள். அப்பா லயத்திலேயே இருந்துகொள்வார், அவருக்குப் பழகிவிட்டது என்றும் சொன்னாள்.

எழும்பி நின்று அவளிடம் உண்மையைச் சொல் என்பீர்கள். யோசித்துப் பாருங்கள். வேலையும் போய், வயதும் போய், இப்போது அவளிடம் மிச்சமிருப்பது என்னைப் பார்க்கிறோம் என்ற திருப்தி ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கலாமா? நானும் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

ஆனாலும் பாவம் பாவம்தான், அதை நான் மறுக்கவில்லை. பரிகாரம் எதுவானாலும் செய்கிறேன். தினமும் முழு ஜெபமாலை சொல்லச் சொன்னாலும் சரி, ஒரு மாதம் இறைச்சியை விடச் சொன்னாலும் சரி. முழந்தாளிட மட்டும் சொல்லாதீர்கள், ஃபாதர். ஷெரோமி பார்த்துவிடுவாள்.

இப்படிக்கு,
கிறிஸ்தோபர்