நல்ல காலில் கட்டு

உத்திரமேரூரில் காஞ்சிபுரம் பஸ் கிளம்பியபோது பதினேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு எப்படியோ இடம் கிடைத்தது. முன் இருக்கையில் ஐம்பதைத் தொட்ட இருவர். ஒருவர் காவாந்தண்டலம், மற்றவர் மாகறல், பொங்கல் சடுகுடுவில் எதிரெதிர் அணிகள் என்பது பேச்சில் தெரிந்தது. காவாந்தண்டலத்துக்காரருக்கு வலது கணுக்காலில் துணிக்கட்டு.

"கட்டு எப்பவும் நல்ல கால்லதான் கட்டணும்" என்றார் அவர்.

"இன்னாயா சொல்ற? பிசகின கால் எது?" என்றார் மாகறல்காரர்.

"இடது. பன்னண்டு வருஷமா இடதுதான்."

"அடப்பாவி. வருஷா வருஷம் கட்டு போட்ட காலதான நான் புடிச்சேன்."

"புடிச்ச. நானும் உன்ன இழுத்துக்கினு போய் கோட்ட தொட்டேன்."

"இந்த வாட்டி இடதுலதான் கை வைப்பேன்."

"இப்ப முட்டியில வேற வாதம். ஆடவே கூடாதுன்றாரு டாக்டரு."

மாகறல்காரர் குரல் இறங்கிவிட்டது. "அப்ப ஆடலியா? நீ இல்லாட்டி நான் யார புடிக்கிறது?"

"ஆடாம? ரெண்டு முட்டி, ரெண்டு கணுக்கால், நாலுத்துக்கும் கட்டு போட்டுக்கினு வரேன். எது நல்லா கீதுன்னு நீயே கண்டுபுடி."

இறங்கும்போது காவாந்தண்டலத்துக்காரரின் பையை மாகறல்காரர் வாங்கிக்கொண்டார். மூன்று படியிலும் அவர் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறார் என்று குனிந்து பார்த்துக்கொண்டே இறங்கினார்.