மேல்தோல்

கோகோ கேக்குக்கு அடுப்பைவிடப் பொறுமைதான் முக்கியம். தட்டின் அடியில் கொஞ்சம் தணல், மூடியின் மேல் கொஞ்சம் தணல். நடுவில் ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு லேசாக ஒட்ட வேண்டும். சுத்தமாக வந்துவிட்டால் காய்ந்துபோயிற்று என்று அர்த்தம். இதெல்லாம் உங்கள் தங்கை, என் நாட்டுப்பெண் சுப்புலக்ஷ்மி எனக்குச் சொன்னது. கல்யாணராமன், நீங்கள் சைதாப்பேட்டையிலிருந்து வந்து கேட்பது இரண்டே கேள்வி. அவளை ஏன் அனுப்பினீர்கள், அவள் கேட்டும் குழந்தையை ஏன் அனுப்பவில்லை. இரண்டுக்கும் கேக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் பிள்ளை சந்திரமௌலி ஆபீஸ் விருந்தில் ஒருநாள் இதைத் தின்றுவிட்டு வந்து ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தான். அவனுக்காகத்தான் அவள் செய்ய ஆரம்பித்தாள். எங்கள் கொல்லைச் சுவருக்கு அப்பால் ஜைதூன் பீ இருந்தாள். எங்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். அவள் புருஷன் ஷரீஃப் அடையாற்றில் ஓர் அமெரிக்கத் துரைசானி பங்களாவில் சமையல்காரன். துரைசானி இதற்குப் பிரவுனி என்று பேர் சொல்வாளாம். செய்முறை அப்படியே சுவரைத் தாண்டி வந்தது. முட்டை மட்டும் வரவில்லை. எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைக்கூட யாரும் வாயால் சொல்வதில்லை.

முதல் தட்டைத் தயிர் விட்டுச் செய்தாள். ஒரு துண்டை வாங்கிக் கடித்துப் பார்த்த ஜைதூன் பீ, "இன்னாம்மா, செங்கல்லு மாதிரி கீது. கொத்தனாரு பாத்தா எட்த்துக்கினு பூடுவாரு," என்றாள். உங்கள் தங்கை சிரித்த சிரிப்பு கூடம் வரைக்கும் கேட்டது.

எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். நான் முப்பது வருஷமாகத் தலையை மழித்து, நார்மடி கட்டிக்கொண்டு, ஒருவேளைச் சாப்பாட்டில் இருப்பவள். அந்தச் செங்கல்லிலும் ஒரு வாசனை இருந்தது. அன்று பூராவும் ஜபத்தில் மனசு நிற்கவில்லை. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள், "ஏண்டி, ஜைதூன் பீ ஆத்துல பண்ணினா மேல மெல்லிசா ஒரு தோல் வருமாமே, காகிதம் மாதிரி வெடிச்சிண்டு. உனக்கு ஏன் வரலை?" என்று கேட்டேன்.

"அவா போடறதை நாம போட முடியாதேம்மா."

"அவ என்ன போடறான்னு நான் கேட்டேனா? மேல்தோல் வரலையேன்னேன்."

அடுத்த வாரம் மேல்தோல் வந்தது. விரல் பட்டால் நொறுங்கியது. உள்ளே கறுப்பாக, ஈரமாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாதம், வாரம் ஒரு தட்டு. என் பங்கு பூஜை அலமாரியில், விபூதிச் சம்புடத்துக்குப் பின்னால், ஒரு தகர டப்பாவில் இருக்கும்.

என் வீட்டுக்காரரின் திவசத்துக்கு முதல் நாள் மைத்துனர் சுந்தரராமன் வந்திருந்தார். வாழையடியில் அவள் புதைத்து வைத்திருந்த முட்டை ஓட்டை ஒரு காக்கை கிளப்பிக்கொண்டு வந்து கிணற்றடியில், அவர் காலடியில் போட்டது. திவசத்துக்கு முதல் நாள், காக்கை. யார் அனுப்பியதாக அவர் எடுத்துக்கொண்டார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"யாருடா தின்னது இதை?" என்றார். சந்திரமௌலி தரையைப் பார்த்தான். பேத்தி அபயத்துக்கு அப்போது நாலு வயசு. "கேக்குல போடறது. அப்பா சாப்ட்டா. பாட்டி டப்பாலயும் இருக்கே," என்றது.

டப்பாவைத் திறந்தார்கள். "அம்மா, உனக்குத் தெரியுமா?" என்று என் பிள்ளை கேட்டான்.

"எனக்கென்னடா தெரியும்? தயிர் விட்டதுன்னு குடுத்தா, தின்னேன்."

என் குரல் நடுங்கக்கூட இல்லை. சுப்புலக்ஷ்மி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஆமாம். நான்தான் அம்மாகிட்ட மறைச்சுட்டேன்," என்றாள். கோபம் ஆறினதும் உண்மையை நானே சொல்லிவிடுவேன் என்று நம்பியிருப்பாள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எனக்குப் பஞ்சகவ்யம் கொடுத்துப் பிராயச்சித்தம் செய்தார்கள். மாமியாரின் ஆசாரத்தைத் தெரிந்தே கெடுத்தவளுக்குப் பிராயச்சித்தம் கிடையாது என்று மைத்துனர் சொல்லிவிட்டார். கொல்லைச் சுவரை மூன்றடி உயர்த்தினோம். அவளைப் பத்து நாள் உங்களோடு இருக்கட்டும் என்று அனுப்பினோம். குழந்தையை நான் வைத்துக்கொண்டேன். பத்து நாளில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அப்புறம் ஆவணி கழியட்டும் என்று தோன்றியது. அப்புறம் பிள்ளைக்கு வேறு பெண் பார்த்தார்கள். கல்யாணப் பேச்சின் நடுவில் இதை எப்படிச் சொல்வது?

சுப்புலக்ஷ்மி இரண்டு தடவை வாசலில் வந்து நின்றாள். "அபயத்தை ஒருதரம் பாத்துட்டுப் போயிடறேம்மா."

"தூங்கறது," என்று உள்ளேயிருந்து சொன்னேன். குழந்தை என் மடியில் விழித்துக்கொண்டுதான் இருந்தது. கூப்பிட்டுவிடாமலிருக்க வாயில் கற்கண்டு போட்டிருந்தேன்.

அவளுக்கு ஜுரம் கண்டதும், குழந்தையை அனுப்பச் சொல்லி நீங்கள் எழுதின மூன்று கார்டும் என் கைக்குத்தான் வந்தன. மூன்றையும் படித்தேன். ஒன்றைக்கூட சந்திரமௌலியிடம் காட்டவில்லை. குழந்தையோடு அவனும் போவான். போகிற உயிருக்கு என்னைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது, சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். நாலாவது கார்டில் நீங்கள் குழந்தையைக் கேட்கவில்லை. காரியம் என்றைக்கு என்று மட்டும் எழுதியிருந்தீர்கள்.

முட்டை என்று எனக்கு முதல் நாளே தெரியும். கேட்டு வாங்கித் தின்றவள் நான். நீங்கள் சந்திரமௌலியிடம் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் கூசுகிறது. அவளுடைய பத்தாம் நாள் காரியத்தன்றே, இனி இந்த நாக்குக்காக யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டேன். இன்றுவரை மீறவில்லை. நேற்றுகூட புது நாட்டுப்பெண், அவனுக்குப் பிடிக்குமே என்று, தயிர் விட்டு ஒரு தட்டு செய்தாள். பாவம், சின்னவள், மேல்தோல் வரவில்லை. ஜைதூன் பீயைக் கேட்டுப் பாரேன் என்று மட்டும் சொன்னேன்.